பொழுதுபோக்குக்கு மதிப்பு உண்டா?

"மகள் வீட்டோடு வீணை வாசிக்கிறாள், சான்றிதழ் ஏதுமில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் எழுதலாமா?" என்று சங்க அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்தது விடை.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவான 'காமன் ஆப்' விண்ணப்பத்தில் 10 செயல்கள்வரை குறிப்பிடலாம். தானாகப் பழகிய பொழுதுபோக்கும், ஏன், வீட்டில் தம்பி தங்கையைக் கவனித்துக்கொள்வதும்கூட அங்கே கணக்கில் சேரும். விவரிக்க 150 எழுத்துகளே இடம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் கேட்பார்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தின் கலைத்திறன் ஒதுக்கீட்டிலோ கதை வேறு. பட்டியலில் உள்ள பிரிவாக இருக்கவேண்டும்; சான்றிதழும் வேண்டும், நேரில் வாசித்தும் காட்டவேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, இரண்டையும் ஒன்றென எண்ணி மயங்கவேண்டாம். விண்ணப்பத்துக்கென்று பன்னிரண்டாம் வகுப்பில் புதுக் கலை எதையும் திணிக்காதீர்கள். பிள்ளை ஆசையோடு செய்துவருவதை உள்ளபடி எழுதட்டும், அது போதும்.