சுடுதளப் பாதுகாப்பு உத்தியோகத்தர்

வில்லேந்திய காலந்தொட்டு உலகம் குறிதவறாது எய்பவனையே போற்றி வந்துள்ளது. அவனருகில் நின்று, இப்பொழுது எய்யலாம், இப்பொழுது எய்யலாகாது எனப் பணிப்பவரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் இக்காலச் சுடுதளங்களில், முதல் வெடி தீருமுன்னரே வந்து நிற்க வேண்டியவர் அவராவர். அவர் எவ்வாறு பயிற்றப்படுகிறார், எதனைக்கொண்டு அவர்தம் தகுதி அளக்கப்படுகிறது என்பனவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

துவக்கிலிருந்து புறப்பட்ட சன்னத்தை மீட்டல் எவராலும் இயலாது. மிகச் சிறியதென நாம் எண்ணும் .22 ரைபிளின் சன்னமும் ஒரு மைலுக்கு அப்பாற் செல்ல வல்லது. ஆதலின், சுடுதளம் அமைப்போர் முதலிற் கருதியது இடத்தையே. இங்கிலாந்தில் 1859 ஆம் ஆண்டு தோன்றிய தேசிய ரைபிள் சங்கம், தனது முதலாவது போட்டியை 1860 யூலை 2 ஆம் நாள் விம்பிள்டன் வெளியில் தொடங்கிற்று. தாங்கியிற் பொருத்தப்பெற்ற ரைபிளின் விசையை, அதனோடு பிணைத்த கயிற்றை இழுத்து, விக்ரோறியா மகாராணியாரே முதல் வெடியைத் தீர்த்தார். நாளடைவில் அவ்வெளியைச் சுற்றிக் குடிமனைகள் பெருகின. பெருகவே ஆபத்தும் பெருகிற்று. 1890 ஆம் ஆண்டிற் சங்கம் பிஸ்லி என்னுமிடத்துக்குப் பெயர்ந்தது. அகன்ற நிலமும் உயர்ந்த மண்மேடும் செங்கொடியும் தமக்குரிய காவலைச் செய்வனவே. ஆனால், மண்மேடு தன்னை நோக்கி வரும் சன்னத்தை மாத்திரமே தடுக்கும். துவக்கேந்தியவன் பக்கம் திரும்பிவிடின் அதனால் ஆவதொன்றில்லை. அவ்விடத்து வேண்டப்படுவது விழிப்புள்ள ஒரு மனிதனே.

அம்மனிதனைப் பயிற்றும் முறைக்கு ஐக்கிய அமெரிக்காவில், 1871 ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசிய ரைபிள் சங்கம் நடத்திவரும் பாடநெறியைச் சான்றாகக் கொள்ளலாம். அதன்கண் அமைந்த பாடப் பகுதிகள் ஐந்து. உத்தியோகத்தரின் கடமைகளும் தளத்துக்கெனவே எழுதிவைக்கப்பட்ட நடைமுறைகளும் முதலாவது பகுதி. தளத்தைச் சோதித்தலும் அதன் விதிகளும் இரண்டாவது. சுடவந்தோரை ஒருங்கு கூட்டி, தளத்தின் எல்லை, விதி, ஏவற் சொற்கள் ஆகியவற்றை எடுத்துரைத்தல் மூன்றாவது. விபத்து நேரின் செய்ய வேண்டியன நான்காவது. துவக்கு இடையிற் பழுதுபடின் அதனைக் கையாளும் வகை ஐந்தாவது. ஈற்றில் எழுத்துப் பரீட்சை உண்டு. நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளிகளேனும் பெறாதவர் சித்தியடையார். சாதாரண பரீட்சைகளில் நாம் விட்டுவிடும் பத்தோ இருபதோ புள்ளிகள் எமது அறியாமையை மாத்திரம் காட்டும். இங்கே விடுபடும் ஒரு விடை ஓர் உயிரின் விலையாகலாம்.

ஐந்தாவது பகுதியிலிருந்து ஓர் உதாரணம் காட்டுவாம். விசையை இழுத்தும் வெடி தீரவில்லை எனின், துவக்கைத் திருப்பி உள்ளே நோக்குதல் அறியாதார் இயல்பு. ரவையின் மருந்து தாமதித்துப் பற்றுதலும் உண்டாகலின், குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடியேனும் பொறுத்திருத்தல் வேண்டும். இனி, வெடியோசை வழமைக்கு மாறாக மெலிந்து கேட்பின், சன்னம் குழலினுள்ளேயே தங்கியிருத்தல் கூடும். அதன் பின்னே இன்னொரு ரவையைச் சுடின் குழல் வெடித்துச் சிதறும். சுடுபவன் இலக்கிலே மனம் வைத்திருப்பான். அம்மெலிந்த ஓசையைக் கேட்டு அவனைத் தடுப்பது உத்தியோகத்தரின் செவியேயாகும்.

இதனாலேயே கடமையில் நிற்கும் உத்தியோகத்தர் தாம் சுடுவதில்லை. தளம் முழுவதிலும் கண்ணோட்டியவாறு நிற்பர். கற்பிக்கும் ஆசிரியனின் கண் மாணாக்கனின் கையிலும் இலக்கிலும் பதிந்திருக்கும். காவற் கண் எங்கும் உலாவ வேண்டும். 2014 ஓகஸ்ட் 25 ஆம் நாள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திற் சுடுதளமொன்றில், ஒன்பது வயதுச் சிறுமியொருத்திக்கு ஊசி வகை இயந்திரத் துவக்கைச் சுடக் கற்பித்தனர். முதலில் ஒற்றை வெடி தீர்த்தாள். பின்னர்த் தொடர்வெடிக்கு மாற்றியபோது, துவக்கின் உதைப்பை அவளது சிறு கை தாங்கவில்லை. குழல் மேலெழுந்து பக்கம் சாயவே, அருகில் நின்ற ஆசிரியர் சன்னம் பட்டு இறந்தார். சிறுமி பால் யாதொரு குற்றமுமில்லை. இத்துவக்கு இக்கைக்கு ஏற்றதா, ரவைகள் எத்தனை இடப்பட்டுள்ளன, அது நழுவின் எப்பக்கம் சாயும், அப்பக்கத்தில் நிற்பவர் யார் என்னும் வினாக்கள் விசையை இழுக்குமுன்னரே கேட்கப்பட வேண்டியவை. அவற்றைக் கேட்கும் பழக்கத்தை உண்டாக்குதலே பயிற்சியின் பயன்.

சர்வதேசப் போட்டிகளிலும் இந்நெறியே நிலவுகின்றது. 1907 ஆம் ஆண்டு தொடங்கிய சர்வதேசச் சுடுதல் சம்மேளனத்தின் விதிப்படி, துவக்கின் அறையிலும் ரவைக்கூட்டிலும் ரவையில்லை எனத் தள உத்தியோகத்தர் பார்த்துறுதி செய்து, அறையிற் பாதுகாப்புக் கொடி செருகப்பட்ட பின்னரே வீரர் தம் இடத்தைவிட்டு நீங்கலாம். ஒலிம்பிக் பதக்கம் பெற்றவரும் இதற்கு விலக்கல்லர்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் எதிர்பார்க்கப்படும் தகுதி குறிதவறாமையன்று என்பது புலனாகும். விதிகளைப் பரீட்சையால் அளக்கலாம். ஆனால், வயதிலும் பதவியிலும் மூத்த ஒருவர் துவக்கேந்தி நிற்கும்போது, ஐயம் தோன்றிய அக்கணமே தயங்காது “நிறுத்துக” என உரக்கக் கூறும் துணிவை எப்பரீட்சையாலும் முற்றாக அளத்தலியலாது. அதனாற்றான் அமெரிக்கப் பயிற்சியில், சுடுதலை நிறுத்தும் ஏவலை உத்தியோகத்தர் மாத்திரமன்றி, ஆபத்தைக் கண்ட எவரும் விடுக்கலாம் எனக் கற்பிக்கின்றனர். சிறுவன் கூறினும் அனைவரும் உடனே நிறுத்தியே ஆகவேண்டும். காரணம் பின்னர் ஆராயப்படும். ஐயம் பிழையாயின் இழப்பது சில நிமிடங்களே.

பயிற்படையிற் சேர்ந்து துவக்கேந்திய பழைய மாணவர், தம் பின்னால் நின்று ஏவலிட்டவரின் கடுங்குரலை மறந்திரார். அக்குரல் அன்று கசந்திருக்கலாம். அன்று எவருக்கும் தீங்கின்றி யாவரும் வீடு திரும்பினர் எனின், அதில் அக்குரலுக்கும் பங்குண்டு. இனித் துவக்கேந்தப் போகும் மாணாக்கரும் இதனை மனத்திற் கொள்வாராக.