கை கழுவித் தீராத பயம்: எண்ண சுழற்சி நோயைத் தெரிந்துகொள்வோம்



காலையில் பிரட்டுக்குப் போகிற நேரம். எல்லோரும் கூடையோடு கிளம்பிவிட்டார்கள். ஒரு தங்கச்சி மட்டும் பீலிக்கரையிலேயே நிற்கிறாள். கையைக் கழுவுகிறாள், துடைக்கிறாள், மறுபடியும் கழுவுகிறாள். மலைக்குப் போய்ச் சேரும்போது நேரம் பிந்திவிட்டது. கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைய பேர் போச்சு. வீட்டில் “வேலைக்குப் போக மனசில்ல, நடிக்கிறா” என்று ஏச்சு. லயத்தில் “காத்துக் கருப்பு பட்டிருக்கு” என்று பேச்சு.

நாம் அவளோடு உட்கார்ந்து பேசினோம். தோல் வெடித்த கையைக் காட்டி அவள் சொன்னாள்: “கை சுத்தமாத்தான் இருக்கு, எனக்கே தெரியுது. ஆனா புல்லுக்கு அடிக்கிற மருந்து ஒட்டியிருக்குமோ, பிள்ளைக்குப் பட்டுருமோன்னு மனசு விடமாட்டேங்குது.”

இது சோம்பலும் இல்லை, நடிப்பும் இல்லை, பேயும் இல்லை. இது ஒரு நோய். எண்ண சுழற்சி நோய் என்பார்கள். டாக்டர்மார் ஓ.சி.டி. என்று சொல்வார்கள். 100 பேரை எடுத்தால் 1 முதல் 3 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது இது வருகிறது. பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலோ வாலிப வயதிலோ தொடங்கும்.

எப்படிச் சுழல்கிறது?

வேண்டாத எண்ணம் ஒன்று வருகிறது. பயம் எழும்புகிறது. பயத்தைப் போக்க ஒரு காரியம் செய்கிறோம். கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு அதே எண்ணம் இன்னும் பலமாக வருகிறது. அட்டை கடித்த இடத்தைச் சொறிவது போலத்தான். சொறியச் சொறிய அரிப்பு கூடும், கடைசியில் புண்ணாகும்.

எல்லோருக்கும் கை கழுவுவதாக வராது. சிலர் அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று பத்துத் தடவை திரும்பி வந்து பார்ப்பார்கள். சிலருக்குச் சாமி கும்பிடும்போது கெட்ட எண்ணம் வரும். பிள்ளை பெற்ற தாய்க்கு “பிள்ளையைக் கீழே போட்டுருவேனோ” என்ற எண்ணம் வந்து, பிள்ளையைத் தூக்கவே நடுங்குவாள். அவள் கெட்ட தாய் இல்லை. அந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்காததால்தான் அவ்வளவு பயப்படுகிறாள். ஆனால் காதில் குரல் கேட்கிறது என்றாலோ, அப்படிச் செய்வதுதான் சரி என்றாலோ, சாகப்போகிறேன் என்றாலோ, தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

முடியைப் பிடுங்கிக்கொண்டே இருப்பது, தோலைக் கிள்ளிப் புண்ணாக்குவது, முகம் அவலட்சணம் என்று ஓயாமல் கண்ணாடி பார்ப்பது, உதவாத பொருளையும் எறிய முடியாமல் காம்பரா நிறையச் சேர்ப்பது ஆகியவையும் இதற்குச் சொந்தக்கார நோய்கள்தான்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். மருந்து அடித்துவிட்டு வந்தால் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவத்தான் வேண்டும். அது நோய் இல்லை. தினமும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இதிலேயே போகிறது, வேலையும் சாப்பாடும் தூக்கமும் கெடுகிறது, நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வைத்தியம் உண்டு

வைத்தியம் இரண்டு வகை. ஒன்று பயிற்சி. பயத்தை எதிர்கொண்டு, அந்தக் காரியத்தைச் செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இப்படிச் செய்து பலன் கண்டார். மற்றது மாத்திரை. புளுவொக்செட்டின், சேர்ட்ரலின் போன்றவற்றை டாக்டர் எழுதுவார். இவை தூக்க மாத்திரை அல்ல. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம். இரண்டு வாரம் குடித்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்று விட்டுவிடாதீர்கள். சுகமான பிறகும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

வீட்டார் கவனத்துக்கு

ஏசவோ அடிக்கவோ வேண்டாம். பலவந்தமாகக் கையைப் பிடித்துத் தடுக்கவும் வேண்டாம். “கை சுத்தமா?” என்று அவள் இருபது தடவை கேட்க, நீங்களும் இருபது தடவை பதில் சொன்னால் சுழற்சிதான் வளரும். “இது அந்த நோய் கேட்கிற கேள்வி, வா, கூட நடந்து போவோம்” என்று அன்பாகச் சொல்லுங்கள்.

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கில் காட்ட வழி சொல்வார்கள், அங்கே காசு இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் போன் பண்ணலாம். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நேர்த்தியையும் வையுங்கள், கிளினிக் தேதியையும் தவறவிடாதீர்கள்.

அந்தத் தங்கச்சி இன்றும் கிளினிக் போகிறாள். பயம் இன்னும் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போது ஒரு தடவை கழுவிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு மற்றவர்களோடு மலை ஏறுகிறாள். உங்கள் லயத்திலும் ஒருவர் பீலிக்கரையில் தனியாக நின்றால், சிரிக்காமல் பக்கத்தில் போய்ப் பேசுங்கள்.