விளம்பரம் அழைத்தது, வீடு வரவேற்றது: தொழில் மாறியோர் உருவாக்கிய தங்குமிடங்கள்

புதுதில்லி: இந்திய சுற்றுலாத் துறைக்கு 2002-ஆம் ஆண்டு சோதனைக் காலமாக அமைந்தது. அமெரிக்காவில் 2001 செப்டம்பரில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலும், அதே ஆண்டு டிசம்பரில் தில்லி நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த தாக்குதலும், அதையடுத்து எல்லையில் எழுந்த போர்ப் பதற்றமும் பயணிகளை அச்சுறுத்தின. 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 26.5 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை, 2002-இல் 23.8 லட்சமாகச் சரிந்தது.

அந்த நெருக்கடியான நேரத்தில்தான் "இன்கிரெடிபிள் இந்தியா" என்ற விளம்பர இயக்கத்தை மத்திய சுற்றுலா அமைச்சகம் தொடங்கியது. அமைச்சகத்தில் அப்போது இணைச் செயலராக இருந்த அமிதாப் காந்த்தும், விளம்பரத் துறையைச் சேர்ந்த வி. சுனிலும் இதற்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள். இந்தியா என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தையே ஆச்சரியக்குறியாக மாற்றியது இதன் சிறப்பு. இந்தியர் எல்லோரும் சாதுவானவர்களோ, சைவ உணவு உண்பவர்களோ அல்லர் என்று புலியின் படத்துக்குக் கீழே எழுதிய குறும்பும் பின்னர் இதில் இடம்பெற்றது. 2007-இல் வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. உலகப் பொருளாதாரம் மீண்டதும் விமானப் போக்குவரத்து பெருகியதும் இதற்குத் துணைநின்றன என்றாலும், அந்த ஆச்சரியக்குறிக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் விளம்பரத்தின் வேலை விருந்தினரை வாசல் வரை அழைத்து வருவதோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர்கள் எங்கே தங்குவது, என்ன உண்பது, எதை நினைவில் கொண்டு ஊர் திரும்புவது என்பதெல்லாம் வேறு சிலரின் கையில் இருக்கிறது. பெரிய ஹோட்டல் நிறுவனங்கள் ஒருபுறம் இருக்க, அதுவரை இத்தொழிலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்கள் பலர் தங்கள் பழைய வேலையை விட்டுவிட்டு இந்த இடத்தை நிரப்பினார்கள். குடும்பங்கள் பல ஆண்டுகள் கழித்தும் நினைவுகூரும் தங்கல்கள் பெரும்பாலும் இவர்கள் உருவாக்கியவையே.

அரிசி சுமந்த படகு

இதில் மத்திய அரசுக்கு வழிகாட்டியது கேரளம். 1986-இலேயே சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்த மாநிலம் அது. 1989-இல் முத்ரா விளம்பர நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் மெண்டஸ் அம்மாநிலத்துக்கு "கடவுளின் சொந்த தேசம்" என்ற பொருள்படும் வாசகத்தை உருவாக்கித் தந்தார். அமிதாப் காந்த்தும் கேரளப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரிதான். அங்கு சுற்றுலாச் செயலராகப் பணியாற்றிய அனுபவத்துடனேயே அவர் தில்லிக்கு வந்தார்.

வாசகம் கிடைத்துவிட்டது; காட்டுவதற்கு ஒரு பொருள் வேண்டுமே? அதைக் குட்டநாட்டுக் காயல்கள் அளித்தன. கெட்டுவள்ளம் என்பது அயினி மரப் பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் இறுகக் கட்டி, முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசிச் செய்யப்படும் பெரிய சரக்குப் படகு. இதில் ஆணி அடிப்பதில்லை. குட்டநாட்டு நெல்லும் மலைநாட்டு மிளகும் இந்தப் படகுகளில்தான் கொச்சித் துறைமுகம் சென்றன. சாலைகளும் பாலங்களும் வந்து லாரிகள் ஓடத் தொடங்கியதும் படகுகளுக்கு வேலை இல்லாமல் போனது. அவற்றை ஓட்டியவர்களும், பலகை கட்டும் தச்சர்களும் வேறு பிழைப்புத் தேடினார்கள்.

1990-களின் தொடக்கத்தில் இந்தப் படகின் மேல் மூங்கிலும் பாயும் கொண்டு கூரை வேய்ந்து, படுக்கையறையும் சமையலறையும் அமைத்துப் பயணிகளை ஏற்றும் முயற்சி தொடங்கியது. சரக்கு ஏற்றியவர் விருந்தினரை உபசரிப்பவரானார். துடுப்பும் கழியும் பிடித்த கைகள் கரிமீன் வறுக்கக் கற்றுக்கொண்டன. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் குமரகத்தில் ஓய்வெடுத்ததும், அங்கிருந்தபடியே நாட்டு நடப்பு குறித்த தம் சிந்தனைகளைக் கட்டுரைகளாக எழுதியதும் அந்தச் சிற்றூரை நாடறியச் செய்தன. எந்த விளம்பர நிறுவனமும் திட்டமிட்டிருக்க முடியாத விளம்பரம் அது.

இடிந்த கோட்டையில் எழுந்த விடுதி

தலைநகரில் வசிப்பவர்களுக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு நீம்ரானா. தில்லியிலிருந்து ஜெய்ப்பூர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில், ராஜஸ்தானின் ஆரவல்லிக் குன்றுச் சரிவில் அமைந்திருக்கிறது இந்தக் கோட்டை. பிருத்விராஜ் சௌஹானின் வழிவந்தவர்கள் 1464-இல் கட்டத் தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் அரச குடும்பம் கீழே இறங்கி வேறிடத்தில் குடியேறியபின், நாற்பது ஆண்டுகள் கவனிப்பாரின்றிச் சிதைந்தது.

இதை மீட்டவர்கள் இருவர். அமன் நாத் வரலாறு பயின்றவர். விளம்பர வாசகங்கள் எழுதிப் பிழைத்தவர். பிரான்சில் பிறந்த பிரான்சிஸ் வக்ஸியார்க், பிரெஞ்சு வர்த்தக அலுவலகப் பணிக்காக இந்தியா வந்து, பின்னர் பிரெஞ்சு வங்கி ஒன்றின் பிரதிநிதியாகவும் கைவினைப் பொருள் ஏற்றுமதியாளராகவும் இருந்தவர். பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமை பெற்றவர். ராஜஸ்தானத்து ஷேகாவதி பகுதி மாளிகைகளின் சுவரோவியங்கள் குறித்து இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1982-இல் வெளிவந்தது. அந்நூலுக்காக அலைந்த நாள்களில் கண்ணில் பட்டதுதான் நீம்ரானா. 1986-இல் நண்பர்களுடன் சேர்ந்து அதை வாங்கினார்கள். ஐந்து ஆண்டுகள் பழுதுபார்த்து, 1991-இல் சில அறைகளுடன் மட்டும் திறந்தார்கள்.

முழுக் கோட்டையையும் சீரமைக்கும் அளவுக்குப் பணம் சேரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. முதலில் திறந்த அறைகளில் கிடைத்த வருவாயில் அடுத்த பகுதியைச் சீரமைத்தார்கள். உள்ளூர்க் கல்லும் சுண்ணாம்பும் உள்ளூர்க் கொத்தனார்களின் கைத்திறனும் பயன்பட்டன. ஒரே அச்சில் வார்த்த அறைகள் அங்கு இல்லை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெயர், ஒரு வடிவம், ஒரு சாளரம். இதையே அவர்கள் விளம்பரமாகவும் ஆக்கினார்கள். தங்கள் இடத்தை "ஹோட்டல் அல்லாத ஹோட்டல்" என்று அழைத்துக்கொண்டார்கள். வசதிக் குறைவாகத் தோன்றக்கூடியதையே தனிச்சிறப்பாக எடுத்துரைத்த சாமர்த்தியம் இதில் இருந்தது. நீண்ட படிக்கட்டுகளும் இருண்ட இடைவழிகளும் குழந்தைகளுக்குக் கண்ணாமூச்சி விளையாடும் இடங்களாயின. 2009-இல் கோட்டைக்கு மேலுள்ள குன்றுகளுக்கிடையே கம்பி வடத்தில் தொங்கிச் செல்லும் சாகச விளையாட்டும் வந்தது.

அதே குழு பின்னர் நாட்டின் பல பகுதிகளில் பாழடைந்த கட்டடங்களை எடுத்து நடத்தியது. தமிழகத்தில் தரங்கம்பாடி கடற்கரையில், 1620-இல் டேனியர்கள் எழுப்பிய டேன்ஸ்பர்க் கோட்டைக்கு அருகே உள்ள பழைய பங்களாவும் அவற்றுள் ஒன்று. வக்ஸியார்க் 2014-இல் தில்லியில் காலமானார். ஆனால் பழைய கோட்டைகளையும் மாளிகைகளையும் இடிக்காமல் தங்குமிடமாக்கிப் பிழைக்க வைக்கலாம் என்று அவர்கள் காட்டிய வழியைப் பின்னர் பலர் பின்பற்றினார்கள்.

பனிச்சிறுத்தையைக் காத்த சமையலறை

கோட்டை வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. இருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கித் தந்தவர்களின் கதை லடாக்கில் இருக்கிறது.

லே நகருக்குத் தெற்கே ஹேமிஸ் தேசியப் பூங்காவுக்குள் உள்ள ரும்பக் போன்ற கிராமங்களில் ஆடு வளர்ப்பும் வாற்கோதுமைப் பயிரும்தான் வாழ்வாதாரம். பனிச்சிறுத்தை பட்டிக்குள் புகுந்துவிட்டால் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் அந்த ஓர் இரவில் அழிந்துபோகும். ஆத்திரமடைந்த மக்கள் சிறுத்தையைக் கொன்றதும் உண்டு. அழிவின் விளிம்பில் உள்ள விலங்கு அது என்ற அறிவுரை, ஆட்டைப் பறிகொடுத்தவரின் காதில் ஏறுவது எளிதல்ல.

பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பினர் இரண்டு வழிகளைக் கையாண்டார்கள். முதலாவது, பட்டிகளின் மேல் கம்பிவலை போட்டுச் சிறுத்தை உள்ளே இறங்காமல் தடுப்பது. இரண்டாவது, 2002-இல் தொடங்கிய இமாலய இல்லத் தங்கல் திட்டம். மலையேற்றத்துக்கு வருபவர்கள் கூடாரம் அடிப்பதற்குப் பதிலாகக் கிராமத்து வீட்டில் தங்கலாம். எந்த வீட்டுக்கு விருந்தினர் செல்வது என்பது முறைவைத்து முடிவாகும். எனவே ஒரே வீட்டுக்கு எல்லா வருமானமும் போய்ச் சேர்வதில்லை. வருவாயில் ஒரு பகுதி கிராமத்தின் பொதுநிதிக்குச் செல்கிறது. இத்திட்டத்தை லடாக்கில் முன்னின்று நடத்திய ரிஞ்சன் வாங்சுக் 2011-இல் மறைந்தார்.

இதை நடத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெண்ணெய்த் தேநீரும், வறுத்த வாற்கோதுமை மாவும், காய்கறியோடு கோதுமை மாவுத் துண்டுகளை வேகவைத்த ஸ்க்யூவும்தான் விருந்து. பித்தளைப் பாத்திரங்கள் வரிசையாக மின்னும் சமையலறையில் அடுப்பைச் சுற்றி வீட்டாரும் விருந்தினரும் சேர்ந்து அமர்கிறார்கள். வெந்நீர்க் குழாயும் தொலைக்காட்சியும் இல்லை. காலையில் எதிர்மலையில் பனிச்சிறுத்தையின் தடம் தென்படுமா என்று வீட்டுக்காரரே தொலைநோக்கியோடு அழைத்துப்போகிறார். முன்பு எந்த விலங்கு பகையோ, அதைப் பார்க்கவே இப்போது விருந்தினர் வருகிறார்கள்.

தலைநகரின் மாடி அறைகள்

லடாக்கின் கிராமங்களில் வழக்கமாகிவிட்ட இந்த முறையைத் தில்லி சட்டமாக்கியது. 2010 அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடக்கவிருந்த நிலையில், நகரில் தங்கும் அறைகள் போதாது என்ற கவலை எழுந்தது. தங்குமிடமும் காலை உணவும் அளிக்கும் வீடுகளைப் பதிவு செய்து முறைப்படுத்தும் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், அறைகளின் எண்ணிக்கை வரம்புக்குள் இருக்க வேண்டும், வீடுகள் தங்கம், வெள்ளி என இரு தரங்களாகப் பிரிக்கப்படும் என்பவை இத்தகைய திட்டங்களின் முக்கிய அம்சங்கள்.

பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, பெரிய வீட்டில் தனித்து வாழும் ஓய்வுபெற்ற தம்பதியருக்கு இது ஒரு புதிய தொழிலாக அமைந்தது. அலுவலகக் கோப்புகளோடு வாழ்ந்தவர்கள் அறுபது வயதுக்குமேல் விருந்தினருக்குப் பராத்தா பரிமாறக் கற்றார்கள். அந்நியரை வீட்டுக்குள் விடுவதா என்ற தயக்கம் இரு தரப்பிலும் இருந்தது. காவல்துறைச் சரிபார்ப்பும் அரசுப் பதிவும் அந்தத் தயக்கத்தைக் குறைக்கவே உருவாக்கப்பட்டன.

பெருவெள்ளமும் பெருந்தொற்றும்

தொழில் மாறியவர்களின் வாழ்வு எப்போதும் ஏறுமுகமாக இருந்ததில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் குட்டநாடு மூழ்கியபோது, பயணிகளை ஏற்றிய படகுகளே வீடிழந்தவர்களை ஆலப்புழைக்கு ஏற்றி வந்தன. மறுபுறம், படகுகள் பெருகியதால் வேம்பநாட்டுக் காயலில் கழிவும் எண்ணெயும் கலப்பதாக உள்ளூர் மீனவர்கள் குறைகூறுகிறார்கள். 2002-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற காயல் அது. விளம்பரம் அளவுக்கு மீறி வெற்றி பெற்றால், விளம்பரப்படுத்திய பொருளே கெட்டுப்போகும் அபாயம் உண்டு என்பதற்கு இது சான்று.

2019-இல் ஒரு கோடியே 9 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகளின் எண்ணிக்கை, கொரோனா பரவிய 2020-இல் 27 லட்சமாக வீழ்ந்தது. பெரிய நிறுவனங்கள் சேமிப்பை வைத்துச் சமாளித்தன. கடன் வாங்கிப் படகு கட்டியவருக்கு அந்த வசதி இல்லை. ஆட்டையும் நிலத்தையும் முற்றிலும் கைவிடாமல் இருந்த லடாக் குடும்பங்களுக்கு அடுப்பெரிந்தது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் பயணிகள் மீது நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீரின் பல சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டபோதும் இதே பாடம் கிடைத்தது. புதிய தொழிலை ஏற்பவர் பழைய தொழிலின் ஒரு காலையாவது ஊன்றி வைத்திருப்பது நல்லது.

குடும்பத்தோடு இத்தகைய இடங்களுக்குச் செல்வோரும் சிலவற்றைக் கேட்டறிந்து செல்லலாம். வீடு அரசிடம் பதிவு பெற்றதா, உரிமையாளர் அங்கேயே வசிக்கிறாரா, முதியோர் ஏற முடியாத படிகள் உள்ளனவா, படகின் கழிவு எங்கே செல்கிறது, கட்டணத்தில் எவ்வளவு இடைத்தரகருக்குப் போகிறது? கேட்பதில் தவறில்லை. நேர்மையாக நடத்துபவர்கள் இக்கேள்விகளை விரும்பியே வரவேற்பார்கள்.

விளம்பர வாசகங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்த சுற்றுலாப் பருவத்துக்கு வேறொரு படமும் வேறொரு சொல்லும் வரும். பருவத்துக்குப் பருவம் மாற்ற முடியாதது, அந்தச் சொல்லை நம்பித் தம் தொழிலையே மாற்றிக்கொண்ட குடும்பத்தின் பிழைப்பு. சுற்றுலாவுக்குத் திட்டம் தீட்டுவோர் விளம்பரத்துக்கு ஒதுக்கும் தொகையோடு, வெள்ளமோ நோயோ வரும் ஆண்டில் இச்சிறு விருந்தோம்பிகளைத் தாங்குவதற்கும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்தால், இந்தக் கதவுகள் தொடர்ந்து திறந்திருக்கும்.