சர்வர் வாங்காமல் ஒரு வீட்டுவேலைச் செயலி

வீட்டுவேலைக்கு நேரக் கணக்கு பார்க்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. நாட்டளவில் பார்த்திருக்கிறார்கள். ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இவை 289, 88. இந்தக் கணக்கில் 6 வயது நிரம்பியவர்கள் எல்லோரும் சேர்த்தி. அதாவது, நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் அதற்குள் வருகிறார்கள். "வீட்டுப்பாடம் ஏன் எழுதலை?" என்றால் "வீட்ல வேலை டீச்சர்" என்று வரும் பதிலைச் சாக்கு என்று தள்ளுவதா, உண்மை என்று ஏற்பதா? எவ்வளவு வேலை என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அதற்காக ஒன்பதாம் வகுப்பு மாணவர்களோடு எங்கள் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு சிறு செயலி செய்தோம். நான் கணினி ஆசிரியர் அல்ல, பாடம் கணிதம். செலவு ஏதுமில்லை. சர்வர் எனப்படும் சேவையகமும் வாங்கவில்லை.

"சர்வரே இல்லைன்னா டேட்டா எங்க டீச்சர் இருக்கும்?" என்று ஒரு மாணவன் கேட்டான். சரியான கேள்வி. 'சர்வர்லெஸ்' என்ற பெயர் கொஞ்சம் ஏமாற்றுகிறது. சர்வர் இருக்கிறது, அது நம்முடையது இல்லை, அதைப் பராமரிப்பது நம் வேலை இல்லை, அவ்வளவுதான். வீட்டு விசேஷத்துக்காக யாரும் அண்டாவும் குண்டாவும் விலைக்கு வாங்குவதில்லை. வாடகைப் பாத்திரக் கடையில் எடுக்கிறோம். பயன்படுத்திய நாளுக்குத்தான் கணக்கு. இங்கும் அப்படியே. நாம் எழுதுவது ஒரு செயற்கூறு மட்டும். யாராவது பொத்தானை அழுத்தும்போது நிறுவனத்தின் கணினியில் அது சில நொடிகள் ஓடும், முடிந்ததும் நின்றுவிடும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலின் முதல் பாடமான செயற்கூறுதான் இதற்கும் அடிப்படை. அமேசான் நிறுவனம் 2014இல் அறிவித்த 'லாம்டா' சேவைக்குப் பிறகு இம்முறை பரவலானது. பள்ளிக்கு நான் பரிந்துரைப்பது கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். கடன் அட்டை கேட்காது. மதிப்பெண் பட்டியலுக்கு நாம் பயன்படுத்தும் கூகுள் ஷீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு ஷீட்டில் மூன்று தாள்கள் போதும். முதலாவதில் வீட்டு உறுப்பினர்கள், இரண்டாவதில் வேலைகளும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நிமிடமும், மூன்றாவதில் பதிவேடு. யார், எந்த வேலையை, எந்த நாள் செய்தார் என்று ஒரு வேலைக்கு ஒரு வரி. மொத்தத்தை மட்டும் எழுதிவைத்து அதைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. வரிவரியாக வைத்திருந்தால் வாரக் கணக்கு, ஆள்வாரிக் கணக்கு எல்லாவற்றையும் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அதிக நேரம் எடுத்தது நிரல் அல்ல, இரண்டாவது தாள். வேலைகளைப் பட்டியலிடச் சொன்னேன். பையன்கள் ஆறேழு எழுதி நிமிர்ந்துவிட்டார்கள்: சமையல், துணி துவைப்பது, வீடு கூட்டுவது, கடைக்குப் போவது. பெண் பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பார்த்துக் குடம் நிரப்புவது, மாவு அரைப்பது, வாசல் தெளிப்பது, ஆட்டுக்குத் தழை ஒடிப்பது, தம்பிக்குத் தலைவாரி விடுவது, ரேஷன் வரிசையில் நிற்பது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது. ஒருத்தி "கேஸ் தீரப்போகுதுன்னு ஞாபகம் வெச்சிக்கிறது" என்று எழுதியிருந்தாள். அது வேலையா என்று வகுப்பில் பெரிய விவாதம். வேலைதான் என்று முடிவாயிற்று. எத்தனை நிமிடம் என்பது முடிவாகவில்லை.

மற்ற வேலைகளுக்குக் கடிகாரம் வைத்து மூன்று நாள் அளந்து சராசரி எடுத்தார்கள். எனக்குச் சராசரிப் பாடம் ஓரளவு நடந்தது அங்கேதான். நட்சத்திரம், நாணயம், 'இந்த வார வெற்றியாளர்' போன்றவற்றைச் செயலியில் சேர்க்க மாணவர்கள் விரும்பினார்கள். நான் சம்மதிக்கவில்லை. அதிக வேலை செய்கிற பிள்ளைக்குப் பரிசு கொடுத்தால் அவள் தலையில் இன்னும் வேலை ஏறும்.

நிரல் சிறியது. ஷீட்டில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பட்டியலில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டைத் திறந்தால் எழுதும் இடம் வரும். இரண்டு செயற்கூறுகள் எழுதினோம். 'டூகெட்' என்பது இணைப்பைத் திறந்ததும் பக்கத்தைக் காட்டும். மற்றொன்று பொத்தானை அழுத்தியதும் பதிவேட்டில் ஒரு வரி சேர்க்கும். அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் இரண்டு கைப்பேசிகளில் அழுத்தினால் பதிவு குழம்பலாம். 'லாக் சர்வீஸ்' என்ற வசதி ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரை வாசலில் நிறுத்திவைக்கும். திட்ட அமைப்புகளில் நேர மண்டலம் இந்தியாவுக்கு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் விடியற்காலை வேலை முந்தைய நாள் கணக்கில் ஏறிவிடும்.

வெளியிடுவதற்கு 'டிப்ளாய்' பொத்தான், அதில் 'நியூ டிப்ளாய்மென்ட்', வகை 'வெப் ஆப்'. முதல்முறை அனுமதி கேட்கும்போது, இந்தச் செயலியை கூகுள் சரிபார்க்கவில்லை என்று எச்சரிக்கை வரும். நாமே எழுதிய நிரல் என்பதால் 'அட்வான்ஸ்டு' வழியாக மேலே போகலாம். முன்பின் தெரியாதவர் அனுப்பிய நிரலுக்கு அப்படிச் செய்யக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பின்னர் நிரலைத் திருத்தினால், சேமிப்பது மட்டும் போதாது. 'மேனேஜ் டிப்ளாய்மென்ட்ஸ்' பகுதியில் புதிய பதிப்பாக மீண்டும் வெளியிட வேண்டும். அதுவரை எல்லோருக்கும் பழைய பதிப்பே திறக்கும்.

'யார் பயன்படுத்தலாம்' என்று கேட்கும் இடத்தில்தான் நிதானம் வேண்டும். 'எனிஒன்' என்று கொடுத்தால் மின்னஞ்சல் கணக்கு இல்லாத அம்மாவும் வாட்ஸ்அப் இணைப்பைத் தொட்டுப் பதியலாம். ஆனால் இணைப்பு கையில் உள்ள யாரும் உள்ளே வரலாம். எனவே ஷீட்டில் பெயர், ஊர், தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். 'அம்மா', 'பெரியவள்', 'சின்னவன்' என்று இருக்கட்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது; அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதனால் ஷீட் பெற்றோரின் கணக்கில், அவர்கள் சம்மதித்த பிறகே உருவாக்கப்பட்டது. வகுப்புக்கென்று பொது ஷீட் இல்லை. எந்த வீட்டின் கணக்கையும் நான் பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் யார் பாத்திரம் தேய்க்கிறார்கள் என்பது பள்ளிப் பதிவேட்டில் ஏறத் தேவையில்லை. மாணவர் விரும்பினால் தன் நிமிடங்களை மட்டும் என்னிடம் சொல்லலாம். சொன்னவர்களில் இருவருக்கு வீட்டுப்பாடத்தை மதிய இடைவேளையிலேயே முடிக்க இடமும் நேரமும் ஒதுக்கியிருக்கிறேன்.

பல வீடுகளில் ஒரே ஸ்மார்ட்போன்தான். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு மேல்தான் திரும்புகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் சமையலறையில் தொங்கும் நாட்காட்டித் தாளில் பகலெல்லாம் கோடு போட்டு வைத்து, இரவில் மொத்தமாகப் பதிகிறார்கள். சிலர் மறுநாள் காலையில். இதற்காகப் பதிவேட்டில் 'செய்த நாள்', 'பதிந்த நேரம்' என்று இரண்டு நிரல்களைத் தனித்தனியாக வைத்தோம். செய்த நாளைப் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பார்கள். பதிந்த நேரத்தை ஸ்கிரிப்ட் தானே இட்டுக்கொள்ளும். சில வீடுகளில் இப்போது கோடுகளைப் பார்த்துப் பதிவது அப்பாவின் வேலை. அதையும் இரண்டாவது தாளில் சேர்த்து, மூன்று நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள்.