சிப்பிக்கும் நண்டுக்கும் பருவம் உண்டு

கடலில்லாத சீமை நம்முடையது. சாத்தூரிலும் சிவகாசியிலும் நமது அடுப்புக்கு வரும் கடலுணவு, தூத்துக்குடி போன்ற துறைகளிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தூரம் பனிக்கட்டியில் பயணம் செய்தே வந்து சேருகின்றது. பட்டாசுக் கூடத்திலும் தீப்பெட்டிக் கூடத்திலும் உழைத்துப் பெற்ற கூலியில், பிள்ளைகளின் உடல்நலம் கருதி ஒரு தாய் நண்டோ இறாலோ வாங்குகின்றார். கொடுத்த பணத்துக்குரிய சத்து அவருக்குக் கிடைக்கின்றதா? அது பெரிதும் மாதத்தைப் பொறுத்தது என்பதைப் பலரும் அறியோம்.

சிப்பி சொல்லும் பாடம்

மாம்பழத்துக்குப் பருவம் இருப்பதுபோல ஓடுடைய கடலுயிர்களுக்கும் பருவம் உண்டு. 1947-இல் தொடங்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், 1970-களில் தூத்துக்குடியில் உண்ணும் சிப்பியை வளர்த்து ஆராய்ந்தது. ஓட்டோடு நிறுத்தால், அச்சிப்பியில் சதை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. அந்தச் சதையிலும் பெரும்பகுதி நீர்தான். எஞ்சியதில் புரதம், கொழுப்பு, கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து, இரும்பு, துத்தநாகம் ஆகியவை அடங்கியுள்ளன.

உணவு மிகுந்த நாட்களில் சிப்பி கிளைக்கோஜனைச் சேமிக்கின்றது. பின்னர் அச்சேமிப்பைச் செலவிட்டே முட்டைகளையும் விந்தணுக்களையும் உருவாக்குகின்றது. அப்போது சதை கொழுத்து, பால்நிறம் பெற்றிருக்கும். அவற்றைக் கடலில் விட்டபின் சதை மெலிந்து, நீர் மிகுந்து, சுவையும் குன்றுகின்றது. தூத்துக்குடியில் இவ்வினப்பெருக்கம் ஏப்ரல்-மே மாதங்களிலும், ஆகஸ்டு-செப்டம்பர் மாதங்களிலும் மிகுதி. ஆங்கிலத்தில் 'ஆர்' எழுத்துள்ள மாதங்களில் மட்டுமே சிப்பி உண்ண வேண்டுமென்பது ஐரோப்பியர் வழக்கு. அது அவர்களது குளிர்நாட்டுக் கடலுக்குப் பொருந்தும். நமது வெப்பக் கடலுக்குப் பொருந்தாது.

நண்டும் இறாலும்

நமது சந்தைகளில் சிப்பியைக் காண்பது அரிது. நண்டும் இறாலுமே பெரும்பாலும் வருகின்றன. நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிடுகின்றது. புதிய ஓடு இறுகும்வரை அதன் உடலில் நீரே மிகுதி, சதை குறைவு. ஆகவே, அளவில் பெரியதைவிட, கையிலெடுத்தால் கனமாயிருப்பதையும், அடிப்பக்கம் அழுத்தினால் அமுங்காததையும் தேர்ந்து வாங்குதல் நன்று. இறாலில் புரதம் அவ்வளவாக ஏறி இறங்குவதில்லை. சினைப்பருவத்தில் கொழுப்பே பெரிதும் மாறுகின்றது.

மழைக்காலத்தில் விழிப்பு

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுநீர் கழிமுகங்களில் கலந்து உப்புத்தன்மையைக் குறைக்கின்றது. சிப்பி ஓட்டை மூடிக்கொண்டு, தன் சேமிப்பையே உண்டு உயிர்வாழ்கின்றது. அன்றியும், சிப்பியும் மட்டியும் நீரை வடிகட்டி உண்பவை. வெள்ளம் கொணரும் கிருமிகளும் அவற்றினுள் தங்குகின்றன. அந்நாட்களில் அவற்றைத் தவிர்த்தலே அறிவுடைமை. எக்காலத்திலும் உயிரற்று வாய்பிளந்து கிடப்பவற்றை எறிந்துவிட்டு, மற்றவற்றை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டும்.

நமது பகுதியில் தீபாவளிக்குப்பின் ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்க, கூலி குறைவதும் இக்காலத்தில்தான். அப்போது சென்னாக்கூனி கைகொடுக்கும். உலர்ந்த இச்சிறு இறாலில் நீர் வற்றிப் புரதம் செறிந்துள்ளது. ஓட்டோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கின்றது. உப்பு மிகுந்திருப்பின் கழுவிச் சமைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு உண்க. இறால், நண்டு ஒவ்வாதவர்கள் இதனையும் விலக்குக.

தவக்காலத்துச் சுத்தபோசன நாட்களில் மாமிசம் விலக்கி மீன் உண்பது நம் வழக்கம். மாசி, பங்குனியில் சிப்பி சதைப்பற்றோடு இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால் வரத்துக் குறைந்து விலை உயரும். அந்நாட்களில் கடன்பட்டு இறால் வாங்குவதைவிட, முட்டையும் பயறும் கீரையும் கொண்டு குடும்பத்தைப் பேணுதல் மேல். விலையுயர்ந்த நண்டை நாடிச் செல்வது ஒறுத்தலும் ஆகாது.

அடுத்த முறை மீன்கடைக்குச் செல்லும்போது விலையை மட்டும் கேளாமல், மாதத்தையும் எண்ணிப் பார்ப்போம். வியர்வை சிந்தி ஈட்டிய காசு, வெறும் ஓட்டுக்கும் நீருக்கும் போகாமல், நம் பிள்ளைகளின் உடலில் வலிமையாகச் சேரட்டும்.