பிவா ஏரியில் ஒரு திணைமயக்கம்

யாழினாற் பெயர்பெற்ற ஊர் நம் நாட்டில் உண்டு. அங்ஙனமே இசைக்கருவியொன்றினாற் பெயர்பெற்ற ஏரி யப்பான் நாட்டில் உண்டு. 'பிவா' என்பது நம் வீணையை ஒருபுடை ஒத்த நரம்புக்கருவி. வடக்கே அகன்றும் தெற்கே ஒடுங்கியும் அக்கருவியின் வடிவிற் கிடத்தலின் அந்நீர்நிலை பிவா ஏரி எனப்பட்டது என்பர். ஏறத்தாழ 670 சதுர கிலோமீற்றர் பரப்புடைய இவ்வேரி, யப்பானிய ஏரிகள் யாவற்றினும் பெரியது. உலகின் தொன்மைமிக்க ஏரிகளுள் ஒன்று.

2009ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆம் திகதி, மனபு குரிட்டா என்பார் இவ்வேரியிலே தூண்டிலிட்டுப் 'பெருவாய்ப் பாஸ்' என்னும் இனத்து மீனொன்றைப் பிடித்தார். அதன் நிறை 22 இறாத்தல் 4.97 அவுன்ஸ். அதுகாறும் அவ்வினத்தில் உலகிற் பெரிதெனக் கொள்ளப்பட்டது, ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்து மொன்ற்கொமறி ஏரியில், 1932ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆம் திகதி ஜோர்ஜ் பெரி என்னும் இளைஞர் பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் நிறையுள்ள மீனாகும். அது பொருளாதாரத் தாழ்வு மிக்க காலம். பெரியின் வீட்டார் அம்மீனைச் சமைத்து உண்டுவிட்டனர். எழுபத்தேழு ஆண்டுகளின் பின் வந்த குரிட்டாவின் மீன் சற்றே மிகுந்ததெனினும், பழைய அளவை வெல்வதற்கு இரண்டு அவுன்ஸாயினும் மிகவேண்டும் என்பது சர்வதேச விதி. ஆதலின் இருவரும் ஒப்பர் என 2010இல் முடிபாயிற்று.

குரிட்டா தூண்டிலிற் கோத்த இரை யாது? உயிருள்ள புளூகில் மீன். பாஸ், புளூகில் ஆகிய இரண்டும் வட அமெரிக்க நன்னீர்க்கு உரியன. பிவாவுக்கு உரியன அல்ல. வந்தேறிய மீனை வந்தேறிய மீன்கொண்டே பிடித்தார் என்க. இச்சிறு செய்தியினுள்ளே பெரியதொரு வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

நிலமும் மறைவும்

முதலில் மீனின் இயல்பு காண்போம். நம் குளத்து விரால் பாசியடியிற் பதுங்கிக் கிடந்து திடீரெனப் பாய்வதைக் கண்டோர்க்குப் பாஸின் இயல்பை விளக்குதல் எளிது. நிழலில் நின்று வெளிச்சத்தை நோக்கும். சிறுமீனோ தவளையோ அணுகியதும் பெருவாய் திறந்து விழுங்கும். துரத்தித் திரிவதினும் காத்திருத்தலையே பெரும்பாலும் விரும்பும்.

இம்மீன் பிடிப்பதற்கு இலக்கணம் வகுத்தவருள் தலையாயவர் வட கரோலைனா மாநிலத்தைச் சேர்ந்த பக் பெரி. முன் கூறிய பெரியின் வேறாய இவர், நீரடி நிலத்தின் அமைப்பையும் அதன்மேலுள்ள மறைவையும் பிரித்து நோக்கக் கற்பித்தார். மேடு, பள்ளம், சரிவு, பழைய ஆற்றுத்தடம் என்பன அமைப்பு. பாசி, மரக்கட்டை, பாலத்தூண் என்பன மறைவு. தமிழ் கற்றார்க்கு இப்பாகுபாடு புதிதன்று. முன்னது முதற்பொருளாகிய நிலம். பின்னது அந்நிலத்துக் கருப்பொருள் போல்வது. நிலத்தை அறியாது கருப்பொருளை மாத்திரம் கண்டு பொருள்கொள்பவன் வழுவுதல் போல, கரையில் நின்று பாசியை மாத்திரம் கண்டு தூண்டிலிடுபவனும் வழுவுவான்.

பாசி மண்டிய ஏரியிலே இடர்ப்பாடு இன்னும் மிகும். எங்கும் மறைவேயாயின் மீன் எங்கே நிற்கும்? வேறுபாடு உள்ள இடத்தில் நிற்கும் என்பதே விடை. பாசிப்பரப்பு முடிந்து ஆழநீர் தொடங்கும் விளிம்பு, பாசியின் நடுவே கற்கிடை இருத்தலாற் பூண்டு முளையாத வெளி, ஒருவகைப் பூண்டு நீங்கி மற்றொருவகை தொடங்கும் எல்லை, பாசியினூடு செல்லும் ஒடுங்கிய நீர்வழி: இவையே பாஸ் காத்திருக்கும் வாயில்கள். காலையும் மாலையும் அது விளிம்பிற்கு வரும். வெயில் ஏறியபின் அடர்ந்த பாசியின் நிழலுட் புகும்.

இவ்விடங்களைக் கண்ணாற் காணவியலாதபோது கையே கண்ணாகும். ஈயக்குண்டைத் தரையில் மெல்ல இழுத்துவரின், சேறாயின் ஒட்டி இழுக்கும். பருக்கைக் கல்லாயின் நரநரக்கும். பெருங்கல்லாயின் தட்டி நிற்கும். பாசியிற் சிக்காதிருத்தற்பொருட்டுத் தூண்டில்முள்ளின் நுனியை மென்மையான செயற்கைப் புழுவினுள்ளே புதைத்துவிடுவர். மீன் கவ்வி, தூண்டிற்காரன் வெட்டி இழுக்கும்போதே முள் வெளிப்படும். அக்கணமே மீனின் தலையைத் திருப்பவேண்டும். திருப்பத் தவறின் அது பாசியுட் புகுந்து நூலைச் சுற்றிக்கொள்ளும்; பின்னர்க் கைக்கு வருவது ஒரு கட்டுப் பாசியே.

வந்த வழி

இனி வரலாறு. 1925ஆம் ஆண்டில் அக்கபோஷி தெத்சுமா என்னும் செல்வர் அமெரிக்காவிலிருந்து பாஸ் மீன்களைக் கொணர்ந்து ஆஷி ஏரியில் விட்டார். 1974இல் அவை பிவாவிலும் காணப்பட்டன. புளூகிலோ 1960இல் வந்தது. அப்போது இளவரசராயிருந்த அக்கிஹித்தோ அமெரிக்கா சென்ற காலை, சிக்காகோ நகரமுதல்வர் அதனை அன்பளிப்பாக வழங்கினார். உணவுக்கு உதவும் எனக் கருதி வளர்க்கப்பட்ட மீன் நாளடைவிற் பல நீர்நிலைகளிலும் பரவிற்று.

பிவா ஏரிக்கே உரிய மீனினங்கள் பல. அவற்றுள் ஒன்று நிகோரோபூனா. உப்பிலும் சோற்றிலும் நெடுநாள் இட்டுப் புளிக்கவைத்து அதனை 'பூனாசூசி' என்னும் உணவாக்குதல் அவ்வூரார் வழிவழி போற்றும் கலை. நாணல் நிறைந்த கரைநீரிலே அது முட்டையிடும். கரைகள் திருத்தப்பட்டு நாணற்காடு குறைந்தமை அம்மீனுக்கு ஒரு கேடு. எஞ்சிய குஞ்சுகளைப் பாஸ் விழுங்க, முட்டைகளையும் புளூகில் உண்ண, மறு கேடும் சேர்ந்தது. 1994ஆம் ஆண்டின் வறட்சியில் ஏரிநீர் மிகத் தாழ்ந்தது. அதன்பின் ஆழமற்ற தென்பகுதியிலே நீர்ப்பூண்டு பெருகி மண்டிற்று. தூண்டிற்காரர்க்கு அது வாய்ப்பு. வலையும் படகும் கொண்டு பிழைப்பார்க்கு அது தொல்லை.

அமெரிக்க நீர்நிலைகளிலே பிடித்த பாஸை ஊறுபடாமல் நீரில் விடுதல் நற்பண்பு எனப் பலரும் போற்றுவர். பிவா அமைந்த ஷிகா மாகாணத்திலோ, பிடித்த பாஸையும் புளூகிலையும் மீள ஏரியில் விடலாகாது என 2003ஆம் ஆண்டு முதல் விதி நடைமுறைக்கு வந்தது. அவற்றை இடுவதற்கெனக் கரையோரங்களிற் பெட்டிகளும் வைக்கப்பட்டன. ஓரிடத்து அறம் மற்றோரிடத்து வழுவாயிற்று. மீனைக் கொல்ல மனமில்லாத தூண்டிற்காரனுடைய இரக்கமும் பொய்யன்று. தன் தந்தை பிடித்த மீன் தன் வலையில் இல்லையே என்னும் மீனவனுடைய துயரமும் பொய்யன்று.

2007ஆம் ஆண்டில், அந்நாட் பேரரசராயிருந்த அக்கிஹித்தோ பிவா ஏரிக்கரையிலே நிகழ்ந்த பெருவிழாவில் உரையாற்றினார். புளூகிலைக் கொணர்ந்தவர் தாமே என்பதை எடுத்துக்கூறி, அதன் விளைவு கண்டு தம் மனம் நோவதாகச் சொன்னார். மீனியல் ஆராய்ச்சியில் வல்லவராகிய அரசர் ஒருவர், நல்லெண்ணத்தோடு செய்த செயலின் தீங்கைப் பலர் நடுவே ஒப்புக்கொண்டமை எளிய செயலன்று.

பாஸின்மேற் குற்றம் யாதும் இல்லை. ஆண்மீன் கூடு அமைத்து, முட்டையையும் குஞ்சையும் இரையுண்ணலும் மறந்து காக்கும் என்பர் ஆராய்ந்தோர். தன் நிலத்திலே அது போற்றற்குரிய உயிர். அகப்பாட்டிலே ஒரு திணைக்குரிய கருப்பொருள் மற்றொரு திணையில் வந்து மயங்கின், பாட்டுக்கு அது அழகாகவும் அமையும். உரையாசிரியர் அமைதி கூறி முடிப்பர். நீரினுள்ளே நிகழும் மயக்கத்திற்கோ அமைதி கூறுவார் இலர். கையிலுள்ள மீனை நீரில் விடுமுன், இந்நீர் இதற்கு உரியதுதானா என ஒருகணம் எண்ணுதல் நம் எல்லோர்க்கும் கடன்.