மண்ணின் குரல் – 7: அகில் மரத்தில் ஏறிய இருவர்

நெகிரி செம்பிலான் என்றதும் மினாங்கபாவ் வழக்கம்தான் எல்லார் வாயிலும் வரும். ஆனால் ரெம்பாவ், ஜொகூல் போன்ற லுவாக்கு எனப்படும் ஆட்சி வட்டாரங்களில் உண்டாங் என்ற தலைமைப் பதவிக்கு உரிமை கொண்டாடும் பிடுவாண்டா குலம், இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண்வழியைத்தான் தன் வேராகச் சொல்கிறது. ஆட்சி மரபுக்கே வேரானவர்களை, தம்பின் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நாம் பெரும்பாலும் பெட்டாய் விற்க வருகிறவர்களாக மட்டுமே பார்த்தோம். 'உங்கள் கதை என்ன?' என்று கேட்டதில்லை. அது எனக்கு இன்றும் உறுத்தல்.

இந்த மாநிலத்துப் பூர்வகுடிகளில் பெரும்பகுதியினர் தெமுவான் மக்கள். அவர்களிடம் ஒரு கதை உண்டு. முன்னோர் செய்த பாவத்தால் பெருவெள்ளம் வந்தது. மாமாக், இனாக் புங்சு என்ற இருவர் மட்டும் குனோங் ராஜா மலையில் ஓர் அகில் மரத்தில் ஏறித் தப்பினார்கள். தெமுவான் இனம் அவர்களிலிருந்து தழைத்தது. சிலாங்கூர், பகாங் எல்லையில் அந்த மலை இன்றும் நிற்கிறது. கதை நடந்த இடத்தைக் கைநீட்டிக் காட்ட முடிகிறவர்கள் அவர்கள்.

அந்த மலைப்பக்கத்துக் கம்போங் பெர்தாக்கைச் சேர்ந்தவர் மினா அங்கோங். எல்லாருக்கும் மாக் மினா. காட்டையும் ஆற்றையும் முன்னோரையும் அழைக்கும் பாட்டுகளை ஊருக்குள் பாடிவந்தவர், அகார் உம்பி இசைக்குழுவோடு மேடையேறினார். 1998இல் கூச்சிங்கில் நடந்த முதல் மழைக்காட்டு உலக இசை விழாவிலும் பாடினார். கித்தாரும் கீபோர்டும் கூட இருந்தாலும், பாட்டைத் தாங்கியது மூங்கில்தான். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு மூங்கில் குழாய்களைக் கட்டையில் மாறிமாறி இடிப்பார்கள். நெட்டைக் குழாய் அடிக்குரலில் பேசும், குட்டை மேலே பதில் சொல்லும். அவ்வளவுதான் வாத்தியம். கேட்கக் கேட்க நம் காலும் தாளம் போடும்.

1999இல் மாக் மினா காலமானார். பிறகு சிலாங்கூர் அணைக்காக பெர்தாக் மக்கள் இடம் மாற வேண்டியிருந்தது. அவர் குரல் 2002இல் இசைத்தட்டாக வந்தது. தோட்டத் துண்டாடலில் லயமும் கோயிலும் போனபின், திருவிழாவில் ஆடியவர்கள் ஆளுக்கொரு திக்காய்ப் போனதைப் பார்த்த நமக்கு இந்த வலியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று அரசு நிகழ்ச்சிகளில் பூர்வகுடி ஆட்டம், பிரமுகர் வரும்வரை நேரத்தை ஓட்டும் வரவேற்பு நடனமாகச் சுருங்கிவிடுகிறது. கைதட்டு உண்டு, கதை இல்லை. இது தவறு என்றே சொல்வேன். நம் பள்ளி விழாவுக்கு அவர்களை அழைப்பதென்றால், முதலில் அவர்கள் ஊர்த் தலைவரான தோக் பாத்தினைப் போய்ப் பாருங்கள். எதை மேடையில் ஆடலாம், எது ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். ஆட்டத்துக்கு முன் அவர்களில் ஒருவர் கதையைச் சொல்ல அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பரிசுக்கூடையோடு நிறுத்தாமல் உரிய கூலியும் கொடுங்கள்.

அடுத்த வாரம்: கேரித் தீவின் மா மெரி முகமூடிகள்.